சுணையும் சூனியமும்: மந்திரக் கதைகளில் ஏன் இத்தனை நெட்டில்?

நூலகத்தின் சிறுவர் பகுதியிலிருந்து மாய உலகக் கதைகளைக் கட்டுக்கட்டாக அள்ளி வரும் பிள்ளைகள் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் ஏராளம். அந்தக் கதைகளில் சூனியக்காரியின் கொப்பரை கொதித்தால் அதில் நெட்டில் என்றோர் இலை விழுகிறது. பேயை விரட்ட நெட்டில், சாபம் தீர நெட்டில், பாழடைந்த கல்லறையைச் சுற்றிலும் நெட்டில். “அது என்ன செடி?” என்று பிள்ளை கேட்டால், ஊரில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ, “நம்ம காஞ்சொறிதான்யா, பட்டா அரிக்கும்” என்று முடித்துவிடுவார்கள். தெற்கத்திக்காரர்களாக இருந்தால் செந்தட்டி என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த அப்பா அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நெட்டில் குளிர்நாட்டுச் செடி, நம் புளோக்குக்குக் கீழே உள்ள புல்தரையில் அது முளைப்பதில்லை.

தாத்தா சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. தொட்டால் அரிக்கும் செடிகள் உலகில் எத்தனையோ உண்டு. அத்தனையையும் மந்திரவாதிகள் எடுத்துக்கொள்ளவில்லை. நெட்டிலை மட்டும் ஐரோப்பாவின் கதைசொல்லிகள் ஆயிரம் ஆண்டாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் மாயம் அல்ல, செடியின் உடல்வாகு. அது கண்ணுக்குத் தெரியாமல் குத்துகிறது. மனிதர்கள் வாழ்ந்து போன இடத்தில் செழிக்கிறது. அதன் தண்டில் துணி நெய்யும் அளவுக்கு நல்ல நார் இருக்கிறது. இந்தச் சேர்க்கை வேறு செடிகளில் எளிதில் கிடைக்காது.

முதலில் குத்துவதைப் பார்ப்போம். இலையிலும் தண்டிலும் நிற்கும் சுணை ஒவ்வொன்றும் ஒரே செல்லால் ஆன நுண்குழாய். அதன் நுனி சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். நுனியில் ஒரு சிறு குமிழ் இருக்கும். கை பட்டதும் அந்தக் குமிழ் ஒடிந்து, குழாய் சாய்வாக வெட்டிய ஊசியாகித் தோலுக்குள் போகிறது. உள்ளே இருப்பவை ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோட்டோனின் போன்ற பொருள்கள். நம் உடலே வீக்கத்துக்கும் நரம்புச் செய்திக்கும் பயன்படுத்துகிற அதே சரக்குதான், செடி வெளியிலிருந்து ஏற்றுகிறது. எறும்பின் கடியில் இருக்கும் ஃபார்மிக் அமிலம்தான் காரணம் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். அது இருக்கிறது, ஆனால் அந்த எரிச்சலை விளக்கப் போதுமான அளவில் இல்லை.

இந்த வேதியியல் எதுவும் தெரியாத காலத்து ஆளின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். முள் கண்ணில் படவில்லை, ரத்தம் வரவில்லை, கடித்த பூச்சியும் இல்லை. ஆனாலும் தோல் தடித்து எரிகிறது. யாரோ எங்கிருந்தோ எதையோ எறிந்திருக்கிறார்கள் என்றுதானே தோன்றும்?

கிட்டத்தட்ட அதையேதான் ஒரு பழைய ஆங்கில மந்திரம் சொல்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000ஐச் சேர்ந்த லாக்னுங்கா என்ற மருத்துவச் சுவடியில் அது இருக்கிறது. திடீரென்று உடம்பில் குத்துவலி பிடித்துக்கொண்டவருக்கான மந்திரம் அது. வல்லமை படைத்த பெண்கள் குன்றின் மேல் குதிரையேறி வந்து, அலறும் ஈட்டிகளை எறிந்துவிட்டார்கள். அந்தச் சின்ன ஈட்டி உள்ளே இருந்தால் வெளியே வா என்று மந்திரிப்பவர் ஆணையிடுகிறார். அதற்கு முன் மருந்துக் குறிப்பு: காய்ச்சல் பூண்டு ஒன்று, பிளான்டெயின் என்ற பூண்டின் இலை, சிவப்பு நெட்டில். இவற்றை வெண்ணெயில் காய்ச்ச வேண்டும். கடைசியில் ஒரு கத்தியை அந்தக் குழம்பில் தோய்க்க வேண்டும்.

சுளுக்குக்கு மந்திரித்துக்கொண்ட நினைவுள்ளவர்களுக்கு இதில் எதுவுமே அந்நியமாக இராது. வலிக்கு ஒரு முகம் கொடுத்து, பேர் சொல்லி அதட்டி, எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவி இறக்குவது நமக்கும் பழக்கம்தான். குத்துகிறவளின் ஆயுதத்தைப் போலவே இருக்கும் இலையை எடுத்து அவளுக்கு எதிராகத் திருப்புவதுதான் அங்கே தர்க்கம். ஒரு வேடிக்கை: சுவடியில் உள்ள சிவப்பு நெட்டில், இலையில் நெட்டிலை ஒத்திருந்தும் குத்தவே குத்தாத வேறொரு செடியாக இருக்கலாம் என்று கருதுகிற அறிஞர்களும் உண்டு. மந்திரம் சொன்னவர் கையைக் காப்பாற்றிக்கொண்டாரோ என்னவோ.

வலியை வலியால் எடுப்பது மந்திரத்தோடு நிற்கவில்லை. மூட்டுவலிக்கு நெட்டிலால் அடித்துக்கொள்வது ஐரோப்பாவின் பழைய நாட்டு வைத்தியம். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத்தில் இதை முறையாகச் சோதித்தார்கள். கையின் கட்டைவிரல் அல்லது சுட்டுவிரலின் அடிமூட்டில் தேய்மான வலி உள்ள 27 பேருக்கு ஒரு வாரம் நெட்டில் இலை, இன்னொரு வாரம் அதைப் போலவே தோன்றும் குத்தாத இலை. நெட்டில் வாரத்தில் வலி குறைந்திருந்தது. சிறிய சோதனைதான், எரிகிற இலை எது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும் சிக்கலும் உண்டு. அதனால் இதை வைத்து யாரும் பாலிகிளினிக் போவதை நிறுத்த வேண்டாம். நமக்கு அருகில் பாப்புவாவில், நெட்டில் குடும்பத்து இலையொன்றை அலுப்புக்கும் உடம்புவலிக்கும் தோலில் அழுத்துகிறார்கள். அதற்கு டாவுன் காத்தால் என்று பேர், அரிக்கும் இலை. மலாய் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

குத்துகிற பொருளை வாசலில் வைத்தால் வேண்டாதது உள்ளே வராது என்பது அடுத்த படி. ரஷ்யா, உக்ரேன் போன்ற கிழக்கு ஸ்லாவிய நாட்டு ஊர்களில் கோடையின் நடுவே வரும் குப்பாலா இரவில் சூனியக்காரிகள் உலவுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. அன்று வாசற்படியிலும் ஜன்னல் விளிம்பிலும் நெட்டிலைப் பரப்புவார்கள். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து டிரோலில் இடி மின்னலின்போது நெட்டிலை அடுப்பில் போடும் வழக்கம் இருந்தது. இதை நாம் நீட்டிப் பேச வேண்டியதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு நடைபாதையில் ஒரு நடை போனால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு, தலைகீழாகத் தொங்கும் கற்றாழை என்று அதே யோசனை கதவுக்குக் கதவு கட்டியிருக்கிறது.

மருந்துக் கொப்பரைக்கும் இதே வழிதான். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலில், 1997இல் வந்தது, மாணவர்கள் செய்யும் முதல் கஷாயம் கொப்புளம் ஆற்றுவது. அதில் காய்ந்த நெட்டிலை எடை போடுகிறார்கள். காய்ந்த என்ற சொல்லைப் பிள்ளைகள் கடந்து போய்விடுவார்கள், ஆனால் அது சரியான விவரம். காயவைத்தாலோ வேகவைத்தாலோ சுணை வலுவிழக்கிறது, இலை குத்துவதில்லை. கொப்புளம் எழுப்பும் செடியே, பதப்படுத்தினால் கொப்புளம் ஆற்றும் என்பது கதைக்குள்ளும் நாட்டு வைத்தியத்துக்குள்ளும் ஒன்றாக ஓடும் நம்பிக்கை.

இதுவரை சொன்னதற்கெல்லாம் நம் காஞ்சொறியே போதும். போதாமல் போவது அடுத்த கதையில்.

1838இல் டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதிய அன்னப்பறவைகள் கதையைக் குழந்தைப் படப்புத்தகமாகப் பலர் பார்த்திருப்பார்கள். சிற்றன்னையான அரசி பதினொரு இளவரசர்களை அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். தங்கை எலிசாவுக்குக் கனவில் வழி கிடைக்கிறது. நெட்டிலைப் பறித்து, வெறுங்காலால் மிதித்து நாரெடுத்து, நீளக்கை வைத்த பதினொரு சட்டைகள் பின்னி அன்னங்களின் மேல் எறிய வேண்டும். எல்லா நெட்டிலும் ஆகாது. அவள் தங்கும் குகையைச் சுற்றி வளர்வது, இல்லாவிட்டால் கல்லறைகளின் மேல் வளர்வது. வேலை முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, ஒரு சொல் பேசினாலும் அண்ணன்மாரின் நெஞ்சில் கத்தி இறங்கும். ஒரு ராஜா அவளைக் கண்டு மணந்துகொள்கிறான். நார் தீர்ந்து போகவே இரவில் இடுகாட்டுக்குப் போகிறாள். பார்த்தவர்கள் சூனியக்காரி என்கிறார்கள். அவளால் மறுத்துப் பேச முடியாது. எரிப்பதற்குக் கொண்டுபோகும் வண்டியிலும் பின்னிக்கொண்டே போகிறாள். கடைசிச் சட்டையில் ஒரு கை பாக்கி. அதனால் கடைசி அண்ணனுக்கு ஒரு கைக்குப் பதில் சிறகே நின்றுவிடுகிறது.

இந்தக் கதை மரபு பழையது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவத்தில் ஆறு அண்ணன்கள், ஆறு ஆண்டு மௌனம், ஆனால் சட்டை நெய்வது ஒரு வகைப் பூவினால். பூச்சட்டை அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை நெட்டிலாக மாற்றியதும் கதையின் எடையே மாறுகிறது. எலிசாவின் கையும் காலும் கொப்பளிக்கின்றன. அவளுடைய அன்புக்கு ஒரு விலை தெரிகிறது. இடுகாட்டுக்கு ஏன் போனாள் என்பதற்கும், சூனியக்காரி என்று ஏன் பேர் வந்தது என்பதற்கும் அதே செடிதான் பதில்.

நெட்டில் சட்டை கற்பனையில் பிறந்த ஆடையும் அல்ல. ஆண்டர்சன் பிறந்த ஃபூன் தீவிலேயே, வோல்டோஃப்டே என்ற ஊருக்கு அருகில் உள்ள வெண்கலக் காலப் புதைமேட்டில், எரித்த எலும்புகளைச் சுற்றியிருந்த துணியொன்று கிடைத்தது. சுமார் 2800 ஆண்டுப் பழமையான அந்தத் துணி நெட்டில் நாரால் ஆனது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இழைகளில் உள்ள, மண்ணுக்கு மண் மாறுபடும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தைச் சோதித்து, அந்தச் செடி டென்மார்க்கில் வளர்ந்ததல்ல, பெரும்பாலும் இன்றைய ஆஸ்திரியப் பகுதியிலிருந்து வந்தது என்றது. பெரிய மனிதரின் சாம்பலைச் சுற்றுவதற்குத் தொலைதூரத்திலிருந்து வரவழைக்கும் அளவுக்கு உயர்ந்த சரக்காக அது இருந்திருக்கிறது. பிறகு பருத்தியும் சணல்நாரும் மலிவாகிவிட, நெட்டில் ஏழையின் நாராகிப் பின்னால் போனது. முதல் உலகப்போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி மறுபடி அதைத் தேடிப் போனது. நேபாள மலைகளில் அல்லோ என்று சொல்லும் இமயமலை நெட்டிலிலிருந்து இன்றும் துணி நெய்கிறார்கள்.

நாரெடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்டை ஊறவைத்து அடித்து இழை பிரித்த பிறகு அதில் சுணை இருக்காது. நெட்டில் சட்டை போட்டால் அரிக்காது. வலி முழுவதும் பறிக்கிறவளுக்கு, உடுத்துகிறவனுக்கு இல்லை. கதையை இந்தத் தகவலோடு திரும்பப் படித்தால் பதினொரு அண்ணன்மார் மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

கல்லறைச் செடி என்ற பேருக்கும் மண்ணில் பதில் இருக்கிறது. நெட்டிலுக்குப் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் நிறைய வேண்டும். எலும்பு, சாணம், அடுப்புச் சாம்பல், வீட்டுக் குப்பை என்று மனிதரும் கால்நடையும் நெடுங்காலம் இருந்த மண்ணில் பாஸ்பேட் சேர்ந்து, எளிதில் கரைந்து போகாமல் தங்கிவிடுகிறது. கூரையும் சுவரும் போன பின்னும், நூற்றாண்டுகளுக்கு முன் கைவிட்ட ஐரோப்பிய ஊர்களின் இடத்தை நெட்டில் புதர் காட்டிக்கொடுக்கும். இடுகாட்டில் செழிப்பதற்கும் இதுவே காரணம். இறந்தவர்களின் மேல் வளர்கிறது என்று பயந்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கு வேதியியலில் ஆதாரம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் இதற்கு இணை சொல்வது கடினம். 1907 முதல் 1972 வரை அடக்கம் நடந்த பிடாடரி இடுகாட்டில் இப்போது வீவக புளோக்குகள் எழுந்துவிட்டன. முன்னே இருந்ததைக் காட்டிக்கொடுக்க அங்கே ஒரு குறிப்பிட்ட செடி முளைப்பதில்லை. நம் ஊர்ப் பேய்க்கதைகள் வேறு செடிகளைப் பிடித்துக்கொண்டன. பொந்தியானாக் என்ற பெண்பேய் வாழை மரத்தில் இருப்பாள், அவள் வந்தால் கெம்போஜா எனும் ஃபிராங்கிபானிப் பூவின் வாசம் அடிக்கும் என்று மலாய் நண்பர்கள் சொல்லக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை இங்கே யார்?

ஐரோப்பாவை விட்டு நகர்ந்தால் நெட்டிலின் மிகச் சிறந்த கதை திபெத்தில் இருக்கிறது, என் பார்வையில் அன்னங்களின் கதையை விடவும் இது மேல். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பௌத்த யோகி மிலரெபா, முதலில் மந்திரவாதி. அப்பாவின் சொத்தைப் பறித்த சித்தப்பா குடும்பத்தைப் பழிவாங்க அம்மா அவரைச் சூனியம் கற்க அனுப்புகிறாள். கல்யாண வீடு இடிந்து 35 பேர் சாகிறார்கள். ஆலங்கட்டி மழையை ஏவி ஊரின் விளைச்சலை அழிக்கிறார். அப்புறம் மனம் உடைந்து, மார்பா என்ற குருவிடம் போய், படாத பாடுபட்டு, குகைகளில் தவம் இருக்கிறார். சாப்பாடு வெறும் நெட்டில் கஞ்சி. ஆண்டுக்கணக்கில் அதையே குடித்து உடம்பு பச்சை நிறமாகிவிட்டது என்கிறது வரலாறு, ஓவியங்களிலும் அவர் பச்சையாகவே இருப்பதுண்டு. அவரிடம் இருந்த ஒரே மண்சட்டி ஒருநாள் உடைகிறது. உள்ளே படிந்து காய்ந்த நெட்டில் பசை இன்னொரு சட்டியாக அப்படியே நிற்கிறது. இங்கே இலை மந்திரத்துக்கு உதவவில்லை, மந்திரத்தை விட்டவனுக்குச் சோறாகிறது. வெந்த நெட்டில் சத்தான கீரை. நேபாளத்தார் சிஸ்னு என்று சமைக்கிறார்கள், ஸ்வீடனில் வசந்தகாலச் சூப். கேரளத்தில் ஆடி மாதத்துக்குச் சரியான கர்க்கடகத்தில் சமைக்கும் பத்திலைக் கறியில் நம் காஞ்சொறி வகையும் சேரும்.

அந்தக் காஞ்சொறிக்கு வருவோம். அது நெட்டில் குடும்பமே இல்லை, ஆமணக்குக் குடும்பம். சுணைக்குள் இருக்கும் ஊசியும் வேறு: சிலிக்கா அல்ல, கால்சியம் ஆக்சலேட் படிகம். சம்பந்தமில்லாத இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே ஆயுதத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. குப்பைமேனியையும் ஆங்கிலத்தில் இந்திய நெட்டில் என்பார்கள், அதுவும் ஆமணக்குக் குடும்பம்தான், ஆனால் குத்தாது. சிங்கப்பூரில் பூனை வளர்ப்பவர்களைக் கேட்டால் தெரியும், அதன் வேரை முகர்ந்த பூனை படுத்தும் பாட்டைச் சொல்வார்கள். உண்மையான நெட்டில் குடும்பத்தில் நம் வட்டாரத்துக்கு உரியது மலாயில் ஜெலாத்தாங் என்று சொல்லும் செடிகள். அதில் ஒரு வகைக்கு ஜெலாத்தாங் காஜா, யானைச் சுணை என்று பேர். யானையே ஒதுங்கும் என்றால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கிருந்து தமிழில் மாயக்கதை எழுத நினைக்கும் இளையவர்கள் சிலர், ஐரோப்பியக் கதையில் நெட்டில் வரும் இடமெல்லாம் காஞ்சொறியைப் போட்டுவிடுகிறார்கள். கொப்பரைக்கு அது பொருந்தும். வாசல் காவலுக்கும் பொருந்தும். சட்டைக்குப் பொருந்தாது, ஏனென்றால் காஞ்சொறி மெல்லிய படர்கொடி, அதில் நார் கிடைக்காது. ஜெலாத்தாங் குத்தும், ஆனால் மக்கள் அதோடு சேர்ந்து வாழ்ந்த கதை குறைவு. வாழையில் நாரும் உண்டு, பேயும் உண்டு, வலிதான் இல்லை.

நான் எழுதுவதாக இருந்தால் தாழையை எடுப்பேன். மடலின் இரு ஓரத்திலும் நடுநரம்பிலும் வரிசையாக முள். கடற்கரையிலும் சதுப்பிலும் நம் தீவில் அது இன்றும் நிற்கிறது. தாழம்பூவுக்கு மேல் ஏற்கெனவே ஒரு சாபம் இருக்கிறது: சிவனின் முடியைக் கண்டதாக பிரம்மா சொன்ன பொய்க்குச் சாட்சி சொல்லி, பூசைக்கு ஆகாமல் போன பூ. புதருக்குள் நாகம் இருக்கும் என்று பாட்டிகள் அந்தப் பக்கம் போகவிட மாட்டார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த மெங்குவாங் மடலில்தான் மலாய்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் முடைந்தார்கள். முள்ளைச் சீவி, மடலைக் கீற்றாகக் கிழித்து, வேகவைத்து, ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, அப்புறம்தான் முடைவார்கள். முதல் வேலை முள்ளைச் சீவுவது. சாபத்தை நீக்க அந்த ஒரு வேலையைச் செய்யாமல் முடைய வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் போதும், கதை தானாக நடக்க ஆரம்பித்துவிடும். முடைகிற பெண் ஏன் பேசக் கூடாது, அவளை யார் சந்தேகப்படுவார்கள், பாயா சட்டையா என்பதெல்லாம் எழுதுகிறவர் பாடு.